முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் கொலம்பஸ் நகருக்கு வடக்கே உள்ள திறந்தவெளி சுடுதளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் மகளும் போய்வருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அவளிடம் இருப்பது ரூகர் கம்பெனியின் எஸ்.ஆர். 22 என்ற கைத்துப்பாக்கி, .22 தோட்டா போடுவது (.22 என்பது சுமாராகக் குண்டின் விட்டம், அங்குலத்தில்). மூன்றரை அங்குலக் குழல், அரை கிலோ எடை, மேகசினில் 10 தோட்டா. என்னிடம் இருப்பது அதே கம்பெனியின் பழைய மார்க் 2, இரண்டாம் கையாக வாங்கியது. காகித இலக்கையும் சோடா டப்பாவையும் தவிர வேறெதையும் இரண்டும் சுட்டதில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிறிய .22 கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். முதல் 100 தோட்டாவில் 9 முறை சிக்கிக்கொண்டது. 4 தோட்டா வெடிக்கவே இல்லை. கூட வந்த நண்பர், "இது பொம்மை, விற்றுவிட்டு 9 எம்.எம். வாங்கு" என்கிறார். விற்றுவிடலாமா?
— வாசகர், ஹூஸ்டன்

விற்காதீர்கள் தம்பி. முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள்.

கோவையில் ஒரு பம்ப் பட்டறையின் டூல் ரூமில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். மெஷின் மக்கர் செய்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் அதற்குள் என்ன போட்டோம் என்று பார் என்பார் எங்கள் ஃபோர்மேன். .22 விஷயத்தில் அது அப்படியே பொருந்தும்.

இந்தத் துப்பாக்கி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். தோட்டா என்பது பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. மருந்து எரிந்து வரும் வாயு குண்டை முன்னால் தள்ளும்போதே கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூடு, துப்பாக்கியின் மேலே ஓடும் ஸ்லைடைத் தள்ளுகிறது. ஸ்லைடு பின்னால் போய்க் கூட்டை வெளியே வீசிவிட்டு, ஸ்பிரிங்கால் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு வருகிறது. இவ்வளவு வேலைக்கும் இருக்கும் சக்தி ரொம்பக் கொஞ்சம். 9 எம்.எம். குண்டு வழக்கமாக 115 கிரெயின், அதாவது ஏழரை கிராம். .22 குண்டு 40 கிரெயின், இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் துப்பாக்கியில் ஸ்பிரிங் புதிது, தேய வேண்டிய இடங்கள் இன்னும் தேயவில்லை. அதில் வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. காலிக் கூடு வெளியே போகிற வழியில் ஸ்லைடு திரும்பி வந்து அதைக் கவ்விக்கொள்ளும். கூடு புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நிற்கும். உங்களுக்கு ஆனது இதுதான் என்று நினைக்கிறேன்.

தோட்டாப் பெட்டியில் வேகம் போட்டிருப்பார்கள். வினாடிக்கு 1,070 அடி என்றால் சாதாரண வேகம். 1,200-க்கு மேல் என்றால் அதிவேகம். இந்த எண்களெல்லாம் நீளமான ரைஃபிள் குழலில் அளந்தவை, உங்கள் சிறிய குழலில் நன்றாகவே குறையும். அதனால் முதல் 300, 400 தோட்டாக்களுக்கு 40 கிரெயின், உருண்டை மூக்கு, மேலே செம்புப் பூச்சு உள்ள அதிவேகத் தோட்டாவைப் போடுங்கள். மகளுடையதற்கு நான் போட்டது சி.சி.ஐ. மினி மேக். விலை கொஞ்சம் கூட, ஆனால் துப்பாக்கி பழகும் வரைக்கும்தானே. அப்புறம் மலிவான பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொள்ளலாம்.

கையையும் பாருங்கள். மணிக்கட்டைத் தளரவிட்டால் ஸ்லைடு பின்னால் போகும்போது துப்பாக்கி மொத்தமும் கூடவே போய்விடும், ஸ்லைடுக்கு ஓட்டம் கிடைக்காது. அரை கிலோதானே என்று பூப்போலப் பிடிக்கக் கூடாது.

இனி வெடிக்காத அந்த 4 தோட்டா. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் பிரைமர் என்று தனியாக ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும். நாம் போடும் .22 தோட்டாவில், அதாவது .22 லாங் ரைஃபிளில், அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு மடிந்து, உள்ளே மோதிரம் போல ஒரு பள்ளமாக இருக்கும். பற்றவைக்கும் மருந்தை ஈரமாக உள்ளே வைத்து, கூட்டைச் சுழற்றி, அந்த வளையத்துக்குள் பரவவிடுகிறார்கள். விளிம்பில் எங்காவது மருந்து போய்ச் சேரவில்லை, தோட்டாவை அடிக்கும் ஊசியும் அதே இடத்தில் அடித்தது என்றால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். வெடிக்காத தோட்டாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் அரிசி மணியை அழுத்தி எடுத்தது போல ஒரு பள்ளம் இருக்கும். ஆழமாக இருந்தால் குறை தோட்டாவில். மேலோட்டமாகக் கீறியது போல இருந்தால் ஊசி போகும் வழியில் அழுக்கு இருக்கிறது, அல்லது ஸ்லைடு முழுதாக மூடவில்லை. ஆழமான பள்ளம் விழுந்த தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி போட்டால் பல சமயம் வெடிக்கும்.

ஆனால் உடனே எடுத்துப் பார்க்காதீர்கள். 'டிக்' என்றதும் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டிப் பிடித்தபடி 30 வினாடி நில்லுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

இன்னொன்று. வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று சோப்ளாங்கியாக ஒரு சத்தம் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். மேகசினை எடுத்துவிட்டு, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை காலி என்று பார்த்துவிட்டு, ஒரு குச்சியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். எனக்கு ஒரே ஒரு தடவை நடந்தது. அன்று காது மூடியைப் போட்டிருந்தும் சத்தத்தின் வித்தியாசம் கேட்டது. குண்டு குழலின் பாதி வழியில் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி, எத்தனை சுட்டோம், எத்தனை சிக்கியது, எத்தனை வெடிக்கவில்லை. என் நோட்டில் ஒரு மலிவுப் பெட்டி 500-க்கு 14 வெடிக்கவில்லை என்று இருக்கிறது. அதே மாதம், அதே துப்பாக்கியில் வேறொரு பெட்டி 500-க்கு 1. இந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால் நானும் துப்பாக்கியைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

சார், நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள். வாங்கத்தானே கூடாது, வாடகைக்கு எடுத்து ஒரு தடவை சுடலாம்தானே?
— வாசகர், டாலஸ்

கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922-ஆம் பிரிவு சொல்வது வாங்குவதை மட்டும் அல்ல, கையில் வைத்திருப்பதையும்தான். எச்-1பி, எச்-4, மாணவர் விசா என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. நண்பருடையதை 10 நிமிடம் வாங்கிச் சுடுவதும், ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் அடங்கும். விதிவிலக்குகள் சில உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்றில் முறையாக எடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது அவற்றில் முக்கியமானது. அதை எடுக்கிற எண்ணம் இருந்தாலும் முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிடுங்கள். மாட்டினால் சிறைத் தண்டனை மட்டுமல்ல, நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமைக்காக உங்கள் கிரீன் கார்டைப் பணயம் வைக்காதீர்கள். நானும் 8 வருடம் காத்திருந்தேன். அந்த 8 வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அடுத்தவர்களின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் நிறையக் கற்றுக்கொண்டேன்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே ஒன்று வாங்க முடியுமா?

2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. உயர்நிலைப் போட்டி வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. உரிமம் எடுத்து .22 ரைஃபிள் பழகலாம். விசைப் பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

என் கணவர் வாரம் தவறாமல் உள்ளரங்கு ரேஞ்சுக்குப் போகிறார். வந்ததும் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். அதில் ஏதாவது கெடுதல் உண்டா? துப்பாக்கியை அலமாரியின் மேல் தட்டில்தான் வைக்கிறார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.
— வாசகி, அட்லாண்டா

கெடுதல் உண்டு அம்மா. இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

.22 குண்டு ஈயம். பல தோட்டாக்களில் மேலே மெழுகுதான் பூசியிருக்கும், விரலால் தொட்டாலே கறுப்பாக ஒட்டும். பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயம் உண்டு. சுடும்போது அது நுண்ணிய தூசாகக் கை, முகம், சட்டை, தலைமுடி, செருப்பு எல்லாவற்றிலும் படியும். உள்ளரங்கில் இன்னும் அதிகம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளைக்கு ஈயம் மிகக் கெடுதல். அதனால் ரேஞ்சைவிட்டுக் கிளம்பும் முன்னே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கையும் முகமும் கழுவ வேண்டும். சுடும் இடத்தில் எதுவும் தின்னக் கூடாது. காரில் வைத்திருக்கும் முறுக்குப் பொட்டலத்தைக்கூடக் கை கழுவாமல் தொடக் கூடாது. செருப்பு கராஜிலேயே நிற்கட்டும். சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். வாரா வாரம் போகிறவர் வருடம் ஒரு தடவை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. குழந்தைக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அலமாரியின் மேல் தட்டு பூட்டு ஆகாது. இரண்டு வயதுக் குழந்தை நான்கு வயதில் நாற்காலி போட்டு ஏறும். துப்பாக்கி இரும்புப் பெட்டியில், பூட்டில். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். அமெரிக்காவில் கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2005-இல் இயற்றிய சட்டமே இருக்கிறது. கம்பி கோத்த அந்தச் சிறு பூட்டு உங்கள் வீட்டில் வந்த டப்பாவிலேயே பிரிக்காமல் கிடக்கும், தேடிப் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பூட்டாமல் இன்று இரவுகூடத் தூங்காதீர்கள்.

மார்க் 2-வைக் கழற்றிவிட்டால் மாட்டவே முடியவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்களே, உங்கள் அனுபவம் என்ன? எத்தனை தோட்டாவுக்கு ஒரு தடவை சுத்தம் செய்கிறீர்கள்?
— வாசகர், நியூஜெர்சி

அந்த வரிசையின் முதல் துப்பாக்கி 1949-இல் வந்தது. பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கனெக்டிகட்டில் சின்னக் கட்டடம் ஒன்றில் தொடங்கிய தொழில். விலை முப்பத்தேழரை டாலர். கைப்பிடியை முழு இரும்பில் கடைந்து எடுக்காமல், இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தி, நடுவில் வெல்டிங் செய்து சேர்த்தார்கள். பட்டறைக்காரனாக எனக்கு அந்த யோசனை இன்றைக்கும் மலைப்பைத் தருகிறது. மார்க் 2 வந்தது 1982-இல்.

மாட்டுவதில் சூட்சுமம் ஒரே ஒரு இடத்தில். ஊசியைத் தட்டும் ஹேமருக்குப் பின்னால் தொங்கும் சிறு கம்பி, கைப்பிடியின் பின்பக்கம் மூடுகிற ஸ்பிரிங்கின் குழிக்குள் போய் உட்கார வேண்டும். கம்பி தன் எடையில் தொங்குவது. துப்பாக்கியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் போகும். முதல் தடவை சமையலறை மேசையில் ஒரு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு மணி நேரம் போராடினேன். கம்பி எங்கே தொங்குகிறது என்று உள்ளே பார்த்துச் சாய்க்கக் கற்றதும் ஐந்து நிமிட வேலை ஆகிவிட்டது. சரியாக மாட்டினோமா என்று தெரிந்துகொள்ள, போல்ட்டை (இதில் ஸ்லைடின் வேலையைச் செய்வது) பின்னால் இழுங்கள். முழுதாக வராமல் முட்டினால் கம்பி இடம் தவறியிருக்கிறது. சுத்தியல் வேண்டாம், மறுபடி திறங்கள். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு 2016-இல் வந்த மார்க் 4 இருக்கிறது, பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மடிந்து திறந்துகொள்ளும். ஆனால் 2017 ஜூன் மாதத்துக்கு முன் செய்த மார்க் 4-ஐ இரண்டாம் கையாக வாங்குவதாக இருந்தால், திரும்பப் பெற்றுச் சரிசெய்த பட்டியலில் அதன் வரிசை எண் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பாதுகாப்பு லீவர் பாதியில் நிற்கும்போது விசையை இழுத்திருந்தால், பிறகு லீவரை நகர்த்துகையில் வெடிக்கக்கூடும் என்பதால் அவர்களே அழைத்து மாற்றிக் கொடுத்தார்கள்.

சுத்தம் செய்வதென்றால் எனக்கு 400 தோட்டாவுக்கு ஒரு தடவை. பல் துலக்கும் பிரஷ் பழையது ஒன்று போதும். தோட்டா ஏறும் சரிவிலும், கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் அடியிலும் மெழுகும் கரியும் சேர்ந்து அப்பளம் மாதிரி படிந்திருக்கும். அந்தக் கொக்கியின் அடியைப் பல்குச்சியால் சுரண்டினாலே பாதிச் சிக்கல் தீரும். எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் கரியைக் கூட்டும். குழலின் வாய் விளிம்பை மட்டும் கம்பியால் உரசாதீர்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் குறி சிதறும்.

என் குண்டுகள் எல்லாம் இடது பக்கம் கீழேயே போகின்றன. குறிகாட்டியைத் திருப்பிவிடட்டுமா? வீட்டில் வெற்றுத் துப்பாக்கியில் விசை பழகலாமா?
— வாசகர், சிகாகோ

வலது கைக்காரராக இருப்பீர்கள். குறிகாட்டியைத் தொடாதீர்கள். சத்தம் வரப்போகிறது என்று கை முன்கூட்டியே நினைத்து விசையைப் பிடுங்குகிறது, துப்பாக்கி கீழே சாய்கிறது. இதைக் கண்டுபிடிக்க நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் இரண்டு போலித் தோட்டாக்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். போலி வந்ததும் 'டிக்' சத்தத்தோடு முனை ஆடுவதை நீங்களே பார்ப்பீர்கள். என் முனை அரை அங்குலம் கீழே இறங்கியது.

எங்கள் குளிர்கால லீகில் ஒற்றைக் கையால் 50 அடி தூரத்தில் சுடுவோம். முதல் சுற்றில் 10 குண்டுக்கு 10 நிமிடம். அடுத்த சுற்றில் 5 குண்டுக்கு 20 வினாடி, அதற்கும் அடுத்ததில் 10 வினாடி. முதல் சுற்றில் நிமிடத்துக்கு ஒன்று என்று வரும்போதுதான் நம் விரல் என்ன செய்கிறது என்று நமக்கே தெரியும். மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, குறி ஆடினால் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்குவேன். வாரம் முழுக்க ஆபீசில் ஓடிய தலை, அந்த 10 நிமிடத்தில் நின்றுவிடும். நான் இதைவிடாமல் செய்வது இதற்காகத்தான்.

வீட்டுப் பயிற்சி நல்லது. ஆனால் .22-வில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி விளிம்பை அடிப்பதற்காக அமைந்தது. தோட்டா இல்லாதபோது அது குழலின் அறை விளிம்பை அடித்துப் பள்ளமாக்கிவிடலாம். சில துப்பாக்கிகளில் ஊசியைத் தடுத்து நிறுத்த ஏற்பாடு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. உங்கள் கையேட்டைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், சுவரில் ஸ்க்ரூ போடுவதற்கு வைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் கடையில் கிடைக்கும், சின்ன அளவு. அறைக்குள் அளவெடுத்தது போல உட்காரும். விளிம்பு கசங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். பயிற்சி செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, பக்கத்து மேசையிலும் கூடாது.

அங்கிள், டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போகலாமா? அம்மா அதெல்லாம் வேண்டாம் என்கிறார்.
— வாசகி, பிட்ஸ்பர்க்

போகலாம், கழுத்து மூடியிருக்க வேண்டும். என் மகளுக்கு ஒரு தடவை சூடான காலிக் கூடு ஒன்று தெறித்துக் காலருக்குள் விழுந்துவிட்டது. அடுத்த கணம் எவரும் துள்ளுவார்கள், கை தன்னாலே கழுத்துக்குப் போகும், துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்று நினைவு இருக்காது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியை முன்பக்கமே வைத்தபடி மேசையில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் சட்டையை உதறினாள். கழுத்தில் ஒரு வாரம் சிவந்த தடம் இருந்தது. அன்று அவளைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட பெருமை அவள் பட்டம் வாங்கிய அன்றுகூட இல்லை. முகப்புள்ள தொப்பி, கண்ணாடி, உள்ளரங்கு என்றால் காதுக்குள் ஸ்பாஞ்ச் அடைப்பானும் அதன்மேல் காது மூடியும். .22 சின்னது என்றாலும் கைத்துப்பாக்கியின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைத்தான் விமானத்திலும் எடுத்துப் போவேன். பையைக் காலி செய்தால் போதும் அல்லவா?
— வாசகர், சான் ஹோசே

அந்தப் பையே வேண்டாம். .22 தோட்டாவின் நீளம் ஒரு அங்குலம், எடை மூன்று கிராம் சொச்சம். தையல் மடிப்பில் போய் ஒளிந்துகொள்ளும். கோவைக்குக் கிளம்பும் முந்தைய இரவு, பேனா தேடிக் கைவிட்டபோது என் முதுகுப் பையின் பக்க அறையில் ஒன்று தட்டுப்பட்டது. இரண்டு தடவை உதறிய பை அது. பையில் தோட்டா இருந்ததால் இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வாங்கி, பயணத்தையே விட்டவர்கள் உண்டு. மறந்துவிட்டேன் என்று சொல்வதைக் கோர்ட்டில்தான் கேட்பார்கள். அன்று முதல் என் ரேஞ்சு பை சிவப்பு நிறம். அது கராஜைத் தாண்டி வீட்டுக்குள் வராது.

வயது 68. விரல் மூட்டில் வலி. ஸ்லைடை இழுக்க முடியவில்லை. இந்தப் பொழுதுபோக்கு எனக்கு ஒத்துவருமா தம்பி?
— வாசகர், டெட்ராய்ட்

ஒத்துவரும் ஐயா. .22-வின் ஸ்பிரிங்தான் எல்லாவற்றிலும் மெலிது. இடது கையால் ஸ்லைடைப் பின்னால் இழுக்காதீர்கள். மேலிருந்து உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை முன்னே தள்ளுங்கள். தோள் வேலை செய்யும், விரலுக்குச் சுமை குறையும். அதுவும் முடியாவிட்டால் பெரெட்டா 21ஏ என்று ஒன்று இருக்கிறது. ஒரு லீவரைத் தட்டினால் குழலின் பின்முனை மேலே எழும்பும், தோட்டாவை நேராக அதில் வைத்து மூடிவிடலாம். சுழல் துப்பாக்கியிலும் இழுக்கும் வேலை கிடையாது, ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு வைத்துச் சுட்டால் விசையும் லேசாக இருக்கும். வாங்கும் முன் கடையில் கையில் எடுத்துப் பாருங்கள், பத்துத் தடவை இயக்கிப் பாருங்கள்.

எங்கள் லீகில் 81 வயதுக்காரர் ஒருவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். கை நடுங்கும், ஆனால் பொறுமை என்னைவிட அதிகம். 10 நிமிடச் சுற்றில் என்னைப் பலமுறை தோற்கடித்திருக்கிறார். மேகசினை மட்டும் எங்களில் யாராவது ஒருவர் நிரப்பிக் கொடுப்போம்.